கூலிக்குச் சிப்பி, எழுத்துக்கு டோக்கன்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்களுக்குக் கூலி காசாக வரவில்லை, சிப்பியாக வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு நடத்திய சலாபங்களில் (முத்துக்குளிப்புகளில்), அள்ளி வந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போகும். மீதி ஒரு பங்குதான் குளித்தவருக்கு. அதிலும் தோணிக்காரருக்கும் கயிறு பிடித்தவருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாக வேண்டும். காலில் கல்லை மாட்டிக்கொண்டு பல ஆள் ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிடம் மூச்சடக்கி, கூடையை நிரப்பி, கயிற்றை ஆட்டி மேலே வந்து, மாலையில் கரை சேர்ந்தால் கையில் கிடைப்பது வாய் திறக்காத சிப்பிக் குவியல்.

உள்ளே முத்து இருக்கலாம், வெறும் சதையாகவும் இருக்கலாம். சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, ஈ மொய்க்கும் அந்தச் சேற்றைப் பலமுறை அலசி, கடைசிக் கசடு வரை சலித்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தினக்கூலிக்காரருக்கு அவ்வளவு பொறுமைக்கு வசதி ஏது? சிப்பி பிரிக்கும் கொட்டுக்கு வெளியே கூட்டமாகக் காத்து நின்ற சில்லறை வியாபாரிகளிடமும் வேடிக்கை பார்க்க வந்தவர்களிடமும் அவர் தம் பங்கை அப்போதே விற்றுவிட்டுப் போவார். அரசின் பங்கோ ஆயிரம் சிப்பி கணக்கில் ஏலத்துக்கு வரும். முதல் நாள் வாங்கியவருக்கு நல்ல முத்து கிடைத்தது என்று ஒரு பேச்சு கிளம்பினால் மறுநாள் ஏலம் ஏறும். ‘எல்லாம் பொடிமுத்து’ என்ற பேச்சு வந்தால் சரியும். கடலிலும் சிப்பியிலும் மாற்றம் எதுவுமில்லை. கரையில் நின்றவர்களின் எதிர்பார்ப்பு மட்டும்தான் மாறியது.

இணையத்தில் எழுதுபவருக்கும் வீடியோ போடுபவருக்கும் கிரிப்டோகரன்சியில் கூலி தருகிறோம் என்று கடந்த பத்தாண்டுகளில் வரிசையாக வந்த நிறுவனங்களைப் புரிந்துகொள்ள இந்தக் கடற்கரையை விடப் பொருத்தமான இடம் வேறில்லை. அங்கேயும் கூலி பணமாக வருவதில்லை, டோக்கனாக வருகிறது. அதை இன்னொருவர் பணம் கொடுத்து வாங்கினால்தான் அது கூலி. வாங்குபவர் யார்? எதற்காக வாங்குகிறார்?

2016 ஜூலை 4

இந்த வகைத் திட்டங்களில் மூத்தவற்றுள் ஒன்று ஸ்டீம். அமெரிக்காவைச் சேர்ந்த நெட் ஸ்காட், டேன் லாரிமர் ஆகிய இருவர் 2016 மார்ச்சில் தொடங்கிய பிளாக்செயின் அது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். படிப்பவர் போடும் வாக்குக்கு ஏற்ப எழுதியவருக்கு டோக்கன் சேரும், நல்ல பதிவை முன்கூட்டியே கண்டுபிடித்து வாக்களித்தவருக்கும் ஒரு பங்கு உண்டு. தொடங்கியபோது விளம்பரம் கிடையாது, சந்தாவும் கிடையாது.

முதல் பட்டுவாடா 2016 ஜூலை 4 அன்று நடந்தது. அன்றைக்கு மட்டும் சுமார் 13 லட்சம் டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் எழுதியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு காட்டப்பட்டது. ஒரு பயணக் குறிப்புக்கு 10,000 டாலருக்கு மேல், முகப்பூச்சு போடுவது எப்படி என்ற பாடத்துக்கு அதைவிடவும் மேல் என்று செய்தி பரவியது. அந்த மாதத்தில் ஒரு ஸ்டீம் 4 டாலரைத் தாண்டியது. ஆண்டு முடிவதற்குள் 20 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. 2018 ஜனவரியில், பிட்காயின் பித்து உலகம் முழுக்கத் தலைக்கேறியிருந்த நேரத்தில், 8 டாலரை எட்டியது. அதே ஆண்டு நவம்பரில் சந்தை விழுந்தபோது, ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனம் தன் ஊழியர்களில் 70 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது.

ஒருவர் அதே கட்டுரையை, அதே தரத்தில், அதே எண்ணிக்கையிலான வாசகர்களுக்கு 2016 டிசம்பரிலும் எழுதியிருக்கலாம், 2018 ஜனவரியிலும் எழுதியிருக்கலாம். கிடைத்த டோக்கனின் விலையில் நாற்பது மடங்கு வித்தியாசம். அப்படியானால் அந்த மதிப்பு எழுத்திலிருந்து வரவில்லை என்பது மட்டும் உறுதி.

எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 2016 டிசம்பரில் திருத்தியமைத்த விதிப்படி ஸ்டீம் ஆண்டுக்கு 9.5 சதவீதம் புது டோக்கன்களை உருவாக்கும் (ஆண்டுதோறும் இந்த விகிதம் சிறிது சிறிதாகக் குறையும்). அதில் 75 சதவீதம் எழுதுபவர்களுக்கும் வாக்களிப்பவர்களுக்கும், 15 சதவீதம் டோக்கனைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கும், 10 சதவீதம் கணினி வலையைக் காத்து நிற்பவர்களுக்கும். கணக்கின் வசதிக்காக, மொத்தமே 1,000 டோக்கன், ஒன்று 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தை மதிப்பு 10,000 ரூபாய். ஆண்டு முடிவில் 95 டோக்கன் புதிதாகப் பிறக்கிறது. வெளியிலிருந்து புதுப் பணம் ஒரு ரூபாயும் வரவில்லை என்றால், அதே 10,000 ரூபாயை 1,095 டோக்கன் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றின் விலை 9 ரூபாய் 13 காசு. எழுதியவர்களும் வாக்களித்தவர்களும் பெற்ற 71 டோக்கனுக்குச் சுமார் 650 ரூபாய். மற்றவர்களுக்குச் சுமார் 217 ரூபாய். பழைய 1,000 டோக்கன்களின் சொந்தக்காரர்கள் ஒவ்வொன்றிலும் 87 காசு இழந்திருக்கிறார்கள், மொத்தம் 868 ரூபாய்க்குச் சற்றே குறைவு. இரண்டு பக்கமும் கணக்கு நேராகிவிட்டது.

ஆக, எழுத்தாளனுக்குக் கூலி கொடுத்தது டோக்கன் வைத்திருந்தவர். அவர் பாக்கெட்டிலிருந்து யாரும் பணம் எடுக்கவில்லை. பாக்கெட்டில் இருந்தது இளைத்துவிட்டது, அவ்வளவுதான். விலை ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் இந்த இளைப்பு கண்ணுக்குத் தெரியாது. புதிதாக வாங்க வருபவர்கள் கொண்டுவரும் பணம் அதை மூடிவிடும், எல்லாரும் லாபம் பார்ப்பதுபோல இருக்கும். வருபவர் நின்றால், அன்று முதல் எழுத்தாளர் விற்கும் ஒவ்வொரு டோக்கனும் விலையைக் கீழே இழுக்கும்.

இதை மோசடி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் சரியில்லை. விதிகள் அத்தனையும் திறந்த புத்தகமாக இருந்தன. யார் எவ்வளவு வைத்திருக்கிறார், யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை எவரும் பார்க்கலாம். பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. கூலியையும் சூதாட்டத்தையும் ஒரே பொருளுக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள். உழைத்தவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வியாபாரி ஆகிவிடுகிறார்.

செவ்வுக் கணக்கும் திமிங்கிலக் கணக்கும்

முத்துக்கு விலை போடும் பழைய தமிழ் முறைக்குச் செவ்வு என்று பெயர். மஞ்சாடி எடையில் நிறுத்து, அந்த எடையை அதனாலேயே பெருக்கி, முக்கால் பங்காக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். வருவது செவ்வு. ஒரு செவ்வு இன்ன விலை என்று பேரம் நடக்கும். இந்த முறையில் எடை இரண்டு மடங்கானால் மதிப்பு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. பெரிய முத்து அபூர்வம் என்பதை வியாபாரிகள் அப்படிக் கணக்கில் ஏற்றினார்கள்.

விசித்திரம் என்னவென்றால், ஸ்டீம் தொடங்கியபோது பரிசைப் பங்கிட்டதும் இதே வர்க்கக் கணக்கில்தான். ஒரு பதிவுக்கு விழும் வாக்குகளின் எடை இரண்டு மடங்கானால் பரிசு நான்கு மடங்கு. வாக்கின் எடை என்பது வாக்களிப்பவர் பூட்டி வைத்திருக்கும் டோக்கன் அளவு. ஆயிரம் சாமானியர்கள் ரசித்து வாக்களித்த பதிவைவிட, ஒரு பெரும்புள்ளி போகிற போக்கில் தட்டிய பதிவுக்குப் பணம் கொட்டியது. அப்படிப்பட்ட பெரும்புள்ளிகளை அங்கே திமிங்கிலம் என்றே அழைத்தார்கள். அவர்களில் பெரிய திமிங்கிலம், தொடக்க நாட்களிலேயே டோக்கனில் பெரும்பங்கைத் தோண்டி எடுத்து வைத்துக்கொண்ட ஸ்டீமிட் நிறுவனம்தான். முத்தின் கனம் கடலில் அமைவது. வாக்கின் கனம் முதலில் வந்தவருக்கு வாய்த்தது. இரண்டுக்கும் ஒரே சூத்திரம் போட்டது அபத்தம். 2017-இல் அதை நேர்விகிதமாக மாற்றினார்கள்.

மாற்றியதும் வேறொரு வியாபாரம் முளைத்தது. திமிங்கிலங்கள் தங்கள் வாக்கை வாடகைக்கு விட்டன. பணம் அனுப்பினால் தானியங்கி நிரல் வந்து உங்கள் பதிவுக்கு வாக்களிக்கும். அனுப்பியதைவிடப் பரிசு கொஞ்சம் கூட வந்தால் லாபம். படித்து ரசித்து வாக்களிப்பதில் என்ன இருக்கிறது என்று பலர் நினைக்கத் தொடங்கினார்கள். எழுத்துக்கு மதிப்பு தருவதற்காகத் தொடங்கிய இடத்தில், எழுத்தைப் படிக்காமலேயே பணம் சுற்றிச் சுற்றி வந்தது.

இப்படிப் பங்கு பிரிப்பதில் சண்டை வருவது இந்தக் கடலுக்குப் புதிதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் வந்துபோன மார்க்கோ போலோ, கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கு, சுறா கடிக்காமல் மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்திலும் கடல்கட்டி என்று அழைக்கப்பட்ட மந்திரக்காரருக்குச் சிப்பியில் பங்கு போய்க்கொண்டிருந்தது. பரதவர் தலைவரான பாண்டியபதிக்குத் தனிப் பங்கு உண்டு. மார்க்கோ போலோவுக்கும் வெகு முன்னால், கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ் சொல்கிறது. அவர்களுக்குப் பங்கு என்ற பேச்சே இருந்திருக்காது.

ஸ்டீமில் சண்டை 2020-இல் வெடித்தது. பிப்ரவரியில் டிரான் என்ற கிரிப்டோ நிறுவனத்தின் ஜஸ்டின் சன், ஸ்டீமிட்டை விலைக்கு வாங்கினார். கூடவே அந்தப் பெரும்பங்கு டோக்கனும் அவர் கைக்கு வந்தது. வலையைக் காத்து நின்றவர்கள் பயந்துபோய் அந்த டோக்கனை முடக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய மூன்று எக்ஸ்சேஞ்சுகளில் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த டோக்கன்களே அவர்களுக்குத் தெரியாமல் வாக்குகளாகி, சன் பக்கம் விழுந்தன. மார்ச் 20 அன்று எதிர்த்தரப்பு மொத்தமாகப் பிரிந்து ஹைவ் என்ற புதுப் பிளாக்செயினைத் தொடங்கியது. ஸ்டீம் வைத்திருந்த பெரும்பாலானவர்களுக்கு அதே எண்ணிக்கையில் ஹைவ், சன் வாங்கிய பங்குக்கு ஒன்றுமில்லை. பதிலடியாக மே மாதம் ஸ்டீம் தரப்பு, எதிர்ப்பாளர்களின் 64 கணக்குகளிலிருந்த 2 கோடியே 36 லட்சம் டோக்கன்களைப் பிடுங்கியது.

புதிதாகப் பிறந்த ஹைவ் சில வாரங்களிலேயே பழைய ஸ்டீமைவிடக் கூடுதல் விலைக்குப் போனது. நிரல் கிட்டத்தட்ட ஒன்றுதான், பழைய பதிவுகள் இரண்டு பக்கமும் இருந்தன. மாறியது யார் கையில் பிடி இருக்கிறது என்பது மட்டும். டோக்கனின் மதிப்பில் ஒரு பகுதி அந்தக் கூட்டத்தின் மேல் உள்ள நம்பிக்கை என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது.

குடை கொடுத்த கம்பெனி

நம்பிக்கைக்கும் பணத்துக்கும் உள்ள கணக்கைத் தூத்துக்குடி ஒருமுறை மிகக் கசப்பாகப் பார்த்திருக்கிறது. 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். பங்கு வாங்கியவர்களில் பலர் லாபத்தைக் கணக்குப் பார்த்து வாங்கவில்லை, தேசப்பற்றுக்காக வாங்கினார்கள். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தபோது ஊரே திரண்டது.

கொழும்பு வழியில் அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை வெட்டியது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி, சும்மா வாருங்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்று கூவியதாக இன்றும் ஊரில் சொல்வார்கள்.

அந்தக் குடைக்குக் காசு கொடுத்தது யார்? பயணி கொடுக்கவில்லை. கொழும்பு வழியும் கொடுக்கவில்லை, அதில் நஷ்டம்தான். உலகத்தின் வேறு வழித்தடங்களில் அந்தக் கம்பெனி சம்பாதித்து வைத்திருந்த பணம் இங்கே குடையாக வந்து இறங்கியது. போட்டியாளர் சாகும் வரைக்கும்தான் அந்தக் குடை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை, 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பங்குதாரர்களின் அன்பு கப்பல் வாங்கப் போதுமானதாக இருந்தது. தினம் எரிக்க வேண்டிய நிலக்கரிக்குக் கட்டண வருமானம் வேண்டும், அது வரவில்லை.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பரிசுக்கும் இதே கேள்வியைப் போட்டால் பதில் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, வெளியே உண்மையான வாடிக்கையாளர் யாரோ காசு கொடுக்கிறார். இரண்டு, முதலீட்டாளரின் கல்லாவிலிருந்து கூட்டம் சேர்க்கும்வரை குடை வருகிறது. மூன்று, நாளைக்கு விலை ஏறும் என்று நம்பி இன்று டோக்கன் வாங்குபவர் தருகிறார். பெரும்பாலான டோக்கன் திட்டங்கள் இரண்டாவதில் தொடங்கி மூன்றாவதில் ஓடி, முதலாவதற்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டன.

நம் நாட்டு உதாரணம் சிங்காரி. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும் ஒரே வாரத்தில் பெயர் வாங்கிய பெங்களூரு வீடியோ செயலி. 2021 அக்டோபரில் காரி என்ற டோக்கனை அறிமுகப்படுத்தியது, சல்மான் கான் விளம்பர முகம். வீடியோ போடுபவருக்கும் பார்ப்பவருக்கும் டோக்கன் கிடைக்கும் என்பது ஏற்பாடு. 2022 ஜூலை தொடக்கத்தில் ஒரே நாளில் அந்த டோக்கன் 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. முந்தின நாள் ஆடிப் பாடி வீடியோ போட்டுச் சம்பாதித்ததாக நினைத்தவரின் கணக்கில் எண்ணிக்கை குறையவே இல்லை. டோக்கன் அப்படியே இருந்தது, வாங்க ஆள்தான் இல்லை.

ரெட்டிட் தளம் தன் பயனர்களுக்குக் கொடுத்துவந்த மூன்ஸ் டோக்கனின் கதை இன்னும் சுருக்கம். 2023 அக்டோபரில் திட்டத்தை நிறுத்தப்போகிறோம் என்று ஒரு அறிவிப்பு. சில மணி நேரத்தில் விலை தரைமட்டம்.

முதல் வகைக்குப் பக்கத்தில் வருவது பிரேவ் உலாவியின் பேட் டோக்கன். விளம்பரதாரர் பணம் கட்டுகிறார், அதில் 70 சதவீதம் விளம்பரம் பார்த்தவருக்கு டோக்கனாகப் போகிறது, அவர் விரும்பினால் எழுதுபவருக்கு அன்பளிப்பாகத் தரலாம். டோக்கன் விலை ஆடினாலும் அடியில் ஒரு கடைக்காரரின் விளம்பரச் செலவு இருக்கிறது. தொகை சிறிதுதான். மாதக் கடைசியில் டீ செலவுக்கு வரும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று விரல் நீட்டிக் காட்ட முடியும்.

டோக்கன் என்ற பேச்சே இல்லாமல் இதைச் செய்துகாட்டுபவர்கள் இந்தக் கடற்கரையிலேயே இருக்கிறார்கள். ‘தூத்துக்குடி மீனவன்’, ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ போன்ற யூடியூப் சேனல்கள் வலை வீசுவதையும் மீன் வெட்டுவதையும் நடுக்கடலில் சோறாக்குவதையும் காட்டி லட்சக்கணக்கானவர்களைப் பார்க்க வைக்கின்றன. நீள வீடியோவில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பாளிக்கு என்பது யூடியூப் விதி. எவ்வளவு வரும் என்பது விளம்பரதாரர் கையிலும் யூடியூப் கையிலும்தான் இருக்கிறது, அதில் குறை சொல்ல நிறைய உண்டு. ஆனால் பணம் டாலராகக் கிளம்பி ரூபாயாக வங்கிக்கு வருகிறது. வந்த பிறகு இளைப்பதில்லை.

கார்ட்டியர் வாங்கிய மாளிகை

டோக்கன் ஆதரவாளர்கள் சொல்லும் ஒரு வாதத்தில் நியாயம் உண்டு. தங்கத்துக்கும் முத்துக்கும் மட்டும் உள்ளே என்ன மதிப்பு இருக்கிறது, எல்லாரும் மதிக்கிறார்கள், அதனால் மதிப்பு, டோக்கனும் அப்படித்தான் என்கிறார்கள். வாதம் சரி. ஆனால் முத்தின் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

1917-இல் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் இருந்த ஒரு மாளிகையைக் கார்ட்டியர் நகை நிறுவனம் வாங்கியது. கொடுத்த விலை ரொக்கமாக 100 டாலர், கூடவே இரட்டைச் சரம் கொண்ட இயற்கை முத்து மாலை. மாலையின் மதிப்பு 10 லட்சம் டாலர். அன்றைக்கு அது நியாயமான பேரம். அதே மாலை 1957-இல் ஏலத்துக்கு வந்தபோது போன விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். மாளிகை இன்றும் கார்ட்டியர் கடையாக நிற்கிறது.

இடையில் நடந்தது இதுதான். ஜப்பானில் மிக்கிமோட்டோ கோக்கிச்சி 1893-இல் சிப்பிக்குள் கரு வைத்து அரைக்கோள முத்தை விளைவித்தார். 1920-களில் முழு உருண்டை வளர்ப்பு முத்துகள் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தன. 1929-இல் பொருளாதார மந்தம். அபூர்வம் என்ற ஒரே காரணத்தால் நின்ற விலை, அபூர்வம் போனதும் நிற்கவில்லை. மன்னார் வளைகுடாவில் சலாபம் அதற்குப் பிறகும் விட்டுவிட்டு நடந்தது. தூத்துக்குடியில் 1955-இல் தொடங்கி 1961 வரை நடந்ததுதான் கடைசி. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சுவாமி குழுவினர் இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள்.

முத்தின் அபூர்வத்தை உடைக்க ஜப்பானியர்களுக்கு ஆண்டுக்கணக்கான ஆராய்ச்சி தேவைப்பட்டது. டோக்கனின் அபூர்வம் ஒரு நிரல் வரியில் இருக்கிறது. அதை மாற்ற ஒரு வாக்கெடுப்பு போதும். ஸ்டீமில் ஆண்டுக்கு இரு மடங்கு என்ற அளவில் கொட்டிக்கொண்டிருந்த புது டோக்கனை 2016 டிசம்பரில் ஒரே திருத்தத்தில் 9.5 சதவீதமாக்கினார்கள். நல்ல மாற்றம்தான். நல்லதை அப்படிச் செய்ய முடிந்தவர்கள் கெட்டதையும் அப்படியே செய்யலாம் என்பதை 2020 மே மாதப் பறிப்பு காட்டியது. பிட்காயினில் இது மிகக் கடினம், அங்கே எல்லாரையும் சம்மதிக்க வைப்பது எளிதல்ல. பரிசு டோக்கன்களின் நிலைமை அப்படியில்லை. பிடி பெரும்பாலும் ஒரு நிறுவனத்திடமோ பத்திருபது பேரிடமோ இருக்கிறது.

சலாபத்தில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. அறிவிப்பு வருவதற்கு முன் அதிகாரிகள் பாரில் (சிப்பி வளரும் கடலடித் திட்டில்) சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அலசி, கிடைத்த முத்துகளைக் கைதேர்ந்த வியாபாரிகளிடம் மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு தேறும் என்று வெளியிடுவார்கள். ஏலம் எடுப்பவருக்குக் குறைந்தபட்சம் ஒரு அடிப்படை இருந்தது. டோக்கன் வெளியிடும் நிறுவனங்கள் போடும் பளபளப்பான வெள்ளை அறிக்கைகளில் இந்த ஒரு எண் பெரும்பாலும் இருப்பதில்லை. வெளியிலிருந்து வருமானம் எவ்வளவு, அதில் ஒரு டோக்கனுக்கு எவ்வளவு என்ற எண்.

கரை எங்கே?

மதிப்பு இருந்தாலும் கரையேற வழி வேண்டும். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ தொழிலுக்கு வங்கிகள் சேவை செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. எழுதிச் சம்பாதித்த டோக்கன் கையில் இருந்தும், ரூபாயாக்கி வங்கிக்குக் கொண்டுவருவது இந்தியர்களுக்குப் பெரும்பாடானது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலை முதல் விற்கும்போதே 1 சதவீதப் பிடித்தம். ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. இந்த விதியைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

பத்திரமாக இருக்குமா என்பது வேறு கேள்வி. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ களவு போனது. களவு போகாத டோக்கன் வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. அப்படி முடங்கிய ஒருவரின் வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தார். கிரிப்டோகரன்சி கண்ணால் பார்க்கக்கூடிய பொருள் அல்ல, நாணயமும் அல்ல, ஆனாலும் அது சொத்து. ஒருவர் அனுபவிக்கவும் இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கவும் கூடியது.

சொத்து என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால் விலை வந்துவிடாது. களவு போனால் வழக்குப் போடலாம், விலை விழுந்தால் யார் மேல் போடுவது? எழுத்துக்கோ வீடியோவுக்கோ டோக்கன் தருகிறோம் என்று யாராவது வந்தால் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. வாங்குவதற்கு முன் அவர்களுடைய வரவு செலவில் டோக்கன் விற்பனையைத் தவிர வேறு வருமானம் இருக்கிறதா என்று கேளுங்கள். வந்த நாளின் விலையை வரிக்காக எழுதி வையுங்கள். விற்று வங்கிக்கு வராத தொகையை வீட்டுச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.